பை, ஏ. இருதயராஜ்

என் அருமை ஸ்டெல்லா அப்பாவுக்கு,

நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. உங்களுக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து பக்கத்திலேயே இருந்த மனுஷனுக்கு என்னவென்று எழுதுவது? இப்போது எழுதக் காரணம், உங்கள் மேல் எனக்குக் கோபம். அதைவிடப் பெரிதாக என் மேலேயே கோபம்.

முதலில் நல்ல செய்தி. நம் ஸ்டெல்லா பி.எட். முடித்துவிட்டாள். விழுப்புரத்தில் நாலு பள்ளிக்கூடத்தில் மனு கொடுத்தாள், ஒருத்தரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டது திண்டிவனத்தில், நீங்கள் பதினாலு வருஷம் ஆபீஸ் அசிஸ்டன்டாக இருந்த அதே பள்ளிக்கூடம். "அப்பா வேல செஞ்ச எடம்மா, தெரிஞ்ச முகமா இருக்கும்" என்று காலையிலேயே பஸ் ஏறினாள். எனக்கு அப்போதே மனசு ஒப்பவில்லை. என் குணம் தெரியுமே உங்களுக்கு. தைக்கக் கொடுக்கிறவள் சிரித்துக்கொண்டே ரவிக்கைத் துணியை நீட்டினால், எங்கே கிழிசல் இருக்கிறதோ என்று விரித்துப் பார்க்கிறவள் நான்.

மத்தியானம் திரும்பி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அம்மா, அப்பா ஏன் அந்த வேலைய வுட்டாரு?" என்றாள்.

"அங்க சரிப்படலன்னு சொன்னாரு. என்னாத்துக்கு இப்ப?"

போனை நீட்டினாள். பள்ளிக்கூட நிர்வாகத்தைப் பார்க்கப் புதிதாக வந்திருக்கும் கரஸ்பாண்டன்ட் பெங்களூரில் படித்து வளர்ந்தவராம். மனுவில் உங்கள் பெயரைப் பார்த்துவிட்டு, தலைமை எழுத்தரிடம் பழைய ஃபைலைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். "கொஸ்டின் பேப்பர் கட்டைப் பிரிச்சதை உங்க அப்பாவே எழுதிக் கொடுத்திருக்கார்மா. உன் மேல தப்பில்லை. ஆனா நாங்க யோசிக்கணும்" என்றாராம். அந்தக் கடிதத்தைத்தான் இவள் கேட்டுப் படம் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

நாலே வரி, எல்லாம் ஆங்கிலம். அரையாண்டுத் தேர்வின் கணக்குக் கேள்வித்தாள் கட்டு, முந்தின நாளே ஆபீஸ் அறையில் பிரிக்கப்பட்டது என்று இருக்கிறதாம். அதற்குக் கீழே தனியாக 'பை' என்று ஒரு சொல். அதற்கும் கீழே ஏ. இருதயராஜ். அந்த 'பை'யையும் உங்கள் பெயரையும் சேர்த்து யாரோ சிவப்புப் பேனாவால் அடிக்கோடு போட்டிருந்தார்கள்.

"பைன்னா என்னாடி?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த பை மளிகைப் பையும், விழுப்புரம் பைபாஸும், டீக்கடையில் நீங்கள் சொல்லும் ஒன் பை டூவும்தான்.

ஸ்டெல்லா டீச்சர் ஆகிவிட்டாள், பாவம், அழுதுகொண்டே பாடம் நடத்தினாள். "வெறும் பேச்சுல வந்தா அது சாதாரண வார்த்தம்மா. பை பஸ்னா பஸ்ஸுல. பை ஃப்ரைடேன்னா வெள்ளிக்கெழமைக்குள்ள. ஜன்னலுக்கு முன்னாடி பை போட்டா ஜன்னலோரம். ஆனா ஆபீஸ் இங்கிலீஷ்ல, பிரிக்கப்பட்டது, எடுக்கப்பட்டதுன்னு எழுதிட்டு பை போட்டாங்கன்னா, பின்னாடி வர்ற பேருதான் அத செஞ்ச ஆளு."

பிரிக்கப்பட்டது, இருதயராஜால். இரண்டு எழுத்து ஒரு மனுஷனைத் திருடனாக்கிவிட்டது.

நான் முதலில் நம்பவில்லை. அந்தத் தலைமை எழுத்தர் மேல்தான் எனக்குச் சந்தேகம். எவனோ உங்கள் பெயரில் எழுதிச் செருகியிருக்கிறான் என்றேன். கையெழுத்தை ஒத்துப் பார்க்கலாம் என்று பீரோவைக் குடைந்ததில், ஸ்டெல்லாவின் பன்னிரண்டாம் வகுப்பு டைரி கிடைத்தது. அவளும் அப்போது அந்தப் பள்ளிக்கூடத்தில்தானே படித்தாள். லீவ் லெட்டர் பக்கங்களில் உங்கள் எழுத்து இருந்தது. போனையும் டைரியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வலது பக்கம் சாய்கிற அதே எழுத்து. அந்தக் கடிதத்தை எழுதியது நீங்கள்தான்.

அப்புறம் என் புத்தி எங்கெல்லாம் போனது என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. கணக்கென்றாலே தடுமாறுகிற பெண், அந்த அரையாண்டில் மட்டும் எப்படித் தொண்ணூறு வாங்கினாள்? கேட்காமலேயே ஸ்டெல்லா சொன்னாள், "நான் படிச்சிதாம்மா வாங்கனேன்." அவள் முந்திக்கொண்டு சொன்னதே எனக்குச் சந்தேகமாக இருந்தது. பெற்ற பெண்ணையே அப்படிப் பார்த்தேன். நான் பார்த்தது அவளுக்கும் தெரிந்தது. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

ஒன்பது நாள். உங்கள் போட்டோவுக்குப் பூ வைக்கவில்லை. முகையூர் கல்லறைக்குப் போக வேண்டிய ஞாயிற்றுக்கிழமை வந்தது, முட்டி வலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். என்ன கேவலம் பண்ணிவிட்டுப் போயிருக்கிறார் இந்த மனுஷன் என்று மிஷினை மிதித்துக்கொண்டே திட்டிக்கொண்டிருந்தேன்.

பத்தாம் நாள் காலையில் ஸ்டெல்லா அந்த டைரியை மறுபடி எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று சிரித்தாள். எனக்கு எரிச்சல்.

"அம்மா, இதக் கேளேன், தமிழ்ல சொல்றேன். என் மகள் ஜுரத்தால் அவதிப்படுகிறாள். பை, ஏ. இருதயராஜ்."

"அதுக்கு என்னா இப்போ?"

"அந்த கரஸ்பாண்டன்ட் படிச்ச மாரி படிச்சா, எனக்கு ஜுரம் வர வச்சதே அப்பாதாம்மா." அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். பல் வலி, பை இருதயராஜ். சித்தி வீட்டுக் கல்யாணம், பை இருதயராஜ். எல்லாக் கடிதத்திலும், கடைசியில், இடது பக்கம், தனி வரியில்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாம் தமிழில் கடிதத்தை முடிக்கும்போது இப்படிக்கு என்று போட்டுப் பெயர் எழுதுவோமே, அதைத்தான் நீங்கள் ஆங்கிலத்தில் 'பை' என்று போட்டிருக்கிறீர்கள். "இங்கிலீஷ்காரன் அப்படிப் போட மாட்டாம்மா. நம்ம ஊர்லதான் போடுவாங்க. எங்க கிளாஸ்ல பாதிப் பேரு அப்படித்தான் எழுதுவோம்" என்றாள் ஸ்டெல்லா. நீங்கள் கட்டைப் பிரித்தேன் என்று எழுதவில்லை. யாரோ பிரித்திருக்கிறார்கள் என்று தலைமை ஆசிரியருக்குத் தெரிவித்திருக்கிறீர்கள். தெரிவித்துவிட்டு, ஒழுங்காக, மரியாதையாக, இப்படிக்கு இருதயராஜ் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்.

அன்றைக்கே இரண்டு பேரும் திண்டிவனம் போனோம். கரஸ்பாண்டன்ட் உட்காரச் சொன்னார். ஸ்டெல்லா டைரியை மேஜைமேல் வைத்தாள். "சார், இதையும் கொஞ்சம் படிங்க. எனக்கு ஜுரம் வந்ததும் எங்கப்பாவாலதானா சார்? கீழ உங்க ஸ்கூல் மிஸ்ஸே கையெழுத்து போட்டிருக்காங்க" என்றாள்.

அவர் மூன்று நாலு பக்கம் புரட்டினார். முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. ஃபைலில் இருந்த கடிதத்தை எடுத்து இன்னொரு தடவை படித்தார். "அப்போ இது கம்ப்ளைன்ட்" என்றார். "உங்க அப்பா செஞ்சதைச் சொல்லலை. நடந்ததைச் சொல்லியிருக்கார்."

தலைமை எழுத்தரைக் கூப்பிட்டுக் கேட்டார். அவர் திண்டிவனத்திலேயே பிறந்து வளர்ந்தவர். "அப்ப எனக்கு அப்பிடித் தோணல சார்" என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, ஃபேனைப் பார்த்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வரும்போது நோட்டீஸ் போர்டில் ஒரு தாள். வெள்ளிக்கிழமை விடுமுறை என்று இருக்கிறதாம். அதற்குக் கீழே நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன், பி, ஒய். "பை, ஆபீஸ்னு போட்டிருக்கும்மா" என்றாள் ஸ்டெல்லா. நோட்டீஸ் எழுதுவது யாரென்று வாட்ச்மேனைக் கேட்டேன். அந்தத் தலைமை எழுத்தர்தானாம். தான் எழுதும்போது இப்படிக்கு, நீங்கள் எழுதினால் குற்றவாளியா? அப்படியானால் அந்தக் கட்டை உண்மையில் பிரித்தது யார்? உள்ளே திரும்பப் போனேன், ஸ்டெல்லா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "மொதல்ல அப்பா பேரு சுத்தமாவட்டும்மா" என்றாள். அதனால்தான் நின்றேன்.

ஃபைலில் திருத்தி எழுதி, அதன் நகலை நம்மிடம் கொடுப்பதாகக் கரஸ்பாண்டன்ட் சொல்லியிருக்கிறார். எப்போது என்று கேட்டதற்கு, பை மண்டே என்றார். பஸ்ஸில் வரும்போது ஸ்டெல்லாவைக் கேட்டேன், "இது எந்த பைடி?"

"திங்கக்கெழமைக்குள்ளம்மா."

"திங்கக்கெழமயும் சேத்தியா, சேக்காமயா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "சேத்துதாம்மா" என்றாள். யோசித்தாளே, அதிலேயே எனக்கு நம்பிக்கை போய்விட்டது. வேலையும் தருவதாகச் சொன்னார்கள். காகிதம் கைக்கு வந்த பிறகுதான் பதில் சொல்வேன் என்று உங்கள் மகள் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அசல் டைரியைக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார்கள். நான் ஜெராக்ஸ்தான் கொடுத்தேன்.

இப்போது உங்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். இதையெல்லாம் ஏன் என்னிடம் சொல்லவில்லை? "நீயே எழுதிக் குடுத்திருக்கியே" என்று அந்தக் காகிதத்தைக் காட்டித்தான் உங்களை வெளியே அனுப்பினார்களா? அந்த இரண்டு எழுத்தில் என்ன தப்பு என்று புரியாமலேயே நடந்து வந்தீர்களா? பிறகு நாலு வருஷம், விழுப்புரத்து லாட்ஜில் சாவி எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்துகொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் எப்படி இருந்தீர்கள்?

கேட்டுவிட்டேன். ஆனால் பதில் எனக்கே தெரியும். நேற்று ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தபோது, நீங்கள் வேலையை விட்டு வந்த அந்தச் சாயங்காலம் ஞாபகம் வந்தது. வாசலில் நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தீர்கள். நான் மிஷினை நிறுத்தாமலே கேட்டேன், "என்னா பண்ணிட்டு வந்தீங்க?" என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. என்ன பண்ணிட்டு வந்தீங்க என்றுதான் கேட்டேன். நீங்கள் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டீர்கள். அப்புறமாகத்தான் வந்து, "அங்க சரிப்படல லூர்து" என்றீர்கள்.

அந்தப் பள்ளிக்கூடமாவது உங்கள் காகிதத்தைப் படித்துவிட்டுத் தப்பாக நினைத்தது. நான் உங்கள் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்கு அந்த ஆபீஸ் வாசலில் நான் உட்கார்ந்திருப்பேன். காகிதம் கைக்கு வராமல் எழுந்திருக்க மாட்டேன். வந்ததும் முகையூருக்கு எடுத்துக்கொண்டு வந்து, உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்டெல்லாவை விட்டு ஒரு வரி விடாமல் தமிழில் படித்துக் காட்டச் சொல்கிறேன். அதற்கப்புறம் அந்தச் சாயங்காலம் நான் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்கிறேன். என்னா ஆச்சுங்க?

நிமிர்ந்து பார்க்காமல் கேட்டுவிட்ட
உங்கள் மனைவி,
லூர்து மேரி