சட்டையில் அப்பாவின் பெயர்

1995 மார்ச் 8, புதன்

ஹலிஃபாக்ஸிலிருந்து வந்திருந்த கப்டன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஏச்சு வாங்கப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டு போனேன். ஜூனிலிருந்து எங்கள் கனடாக் கடற்படை ரிசேர்வ் பிரிவுக்குக் கொமாண்டிங் ஒவ்விஸர் நானாம். லெப்டினன்ட் கொமாண்டராயிருந்த பேர்ணடெற், நான், இனிக் கொமாண்டர். "நன்றி சேர்" என்றேன். குரல் கீச்சென்று வந்தது.

எனக்குக் கிடைத்த கப்பல் ஏரிக்கரையில் நிற்கும் ஒரு கட்டிடம். அதைக் கப்பல் என்றே எல்லோரும் சாதிக்கிறோம். தரைக்குப் பெயர் டெக். வாசலைத் தாண்டினால் 'கரைக்குப் போகிறோம்'. நான் சேர்ந்த நாள் முதல் அது ஓர் அங்குலம்கூட அசைந்ததில்லை. அசைந்தால் முதலில் குதித்து ஓடுகிறவள் நான்தான்.

வார நாளில் மார்க்கம் நகரில் கம்பியூட்டர் கம்பனி வேலை, புதன் மாலையில் நேவி, சனிக்கிழமைகளில் பட்டன்வில் விமானத் திடலில் பிறத்தியாருக்குப் பிளேன் ஓட்டப் பழக்குவது. நாற்பத்தொரு வயதுப் பெண்ணுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? அம்மாவைக் கேட்டால் ஒரு பதில் வைத்திருக்கிறார். கேட்பதில்லை.

மார்ச் 9

அம்மாவுக்கு ஃபோன் எடுத்துச் சொன்னேன். "அப்பாட்டை நீயே சொல்லு. நான் நண்டுக்கறி வைக்கிறன்" என்றார். நண்டுக்கறியால் தீர்க்க முடியாத பிரச்சினை எதையும் அம்மா இன்னும் சந்திக்கவில்லை.

மார்ச் 12, ஞாயிறு

பூசை முடிந்து வெக்ஸ்போர்ட்டில் அப்பா அம்மா வீட்டுக்குப் போனேன். நண்டு நல்ல ருசி. அப்பாவிடம் சொல்லவில்லை.

நான் யூனிவேர்சிட்டியில் படிக்கும்போது நேவியில் சேர்ந்தேன். அப்போது அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. என் தொப்பியைத் தானே போட்டுக் கண்ணாடியில் பார்த்தார். நான் யூனிபோமோடு நின்ற படத்தை ஹோலில் மாட்டினார். வந்த ஆட்களையெல்லாம் அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். பிறகு எண்பத்தைந்தில் ஊர்காவற்றுறையில் சித்தப்பா கடலுக்குப் போனார். மீன்பிடிக்கத்தான் போனார். இலங்கை நேவி சுட்டது. வள்ளம் மட்டும் கரைக்கு வந்தது.

என் படம் இருந்த ஆணியில் அன்று முதல் புனித அந்தோனியார். அதன் பிறகு அப்பாவின் கண்முன் நான் யூனிபோம் போட்டதில்லை. கோப்பிக் கடைகளின் வாஷ்ரூமில் உடுப்பு மாற்றியே சீனியர் ஒவ்விஸராகிவிட்டேன். கோயிலில் அம்மா, "மகள் ஏரிப்பக்கம் ஒரு ஒவ்விஸில வேலை" என்று சொல்லிவைத்திருக்கிறார். பொய்யும் இல்லை.

ஏப்ரல் 2

சொல்லவில்லை. அம்மா இந்த முறை மீன் சினை பொரித்தார். சொல்லவில்லை.

ஏப்ரல் 29, சனி

சொல்லிவிட்டேன். எங்கே? மூவாயிரம் அடி உயரத்தில்.

அப்பா கப்பல் படத்தைக்கூடப் பார்க்கமாட்டார். என் பிளேனில் மட்டும் சின்னப்பிள்ளை மாதிரி ஓடிவந்து ஏறுவார். அங்கே எனக்கு இன்னொரு வசதி: அவர் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்த முடியாது.

ஏரிக்கு மேலே திரும்பும்போது பதவியைச் சொன்னேன், ஜூனில் நடக்கும் பதவியேற்பு விழாவுக்கு வரச் சொல்லியும் கேட்டேன். அவர் ஹெட்செற்றைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"எந்தப் பேரில?" என்றார்.

"கொமாண்டர் நீக்கிலாஸ்."

"அது என்ர பேர்."

எங்கள் வழக்கம் அது. தகப்பன் பெயர்தான் பிள்ளைக்கு இரண்டாவது பெயர். நேவியில் இரண்டாவது பெயரைத்தான் சத்தம் போட்டுக் கூப்பிடுவார்கள். இத்தனை வருடமாக நேவி முழுவதும் என் அப்பாவைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

"இது வேற நேவி, அப்பா."

"எனக்கென்ன விசரே? உவங்கள் தம்பியைச் சுடேல்லை எண்டு தெரியும். ஆனா அவனைச் சுட்டவனும் உந்த வெள்ளைச் சட்டைதான் போட்டவன். அதில என்ர பேரைக் குத்திக்கொண்டு நிக்கிறாய். பேரை எடு. பிறகு நான் வாறதைப் பற்றிக் கதைப்பம்."

இறக்கும்போது பிளேனை இரண்டு தரம் துள்ளவிட்டேன். என்னிடம் பழகுகிறவன் அப்படி இறக்கியிருந்தால் அவனைத் தனியே பறக்க விட்டிருக்கமாட்டேன். அப்பா ஹெட்செற்றை ஒழுங்காகக் கொளுவிவிட்டு இறங்கிப் போனார்.

மே 3

அம்மாவின் பெயரைப் போட்டால்? கொமாண்டர் வேரோனிக்கா. கன்னியர் மடத்துக்குத் தலைவி மாதிரி இருக்கிறது.

மே 14

பதவியே வேண்டாம் என்று சொல்லலாமா? கப்டனின் நம்பரை எடுத்துவைத்தேன். அடிக்கவில்லை.

அப்பா வராவிட்டாலும் எனக்கு அது வேண்டும். அதுதான் வெட்கம். வேணும், சரியா? இருபது வருஷம் குளிருக்கை நிண்டு, பொடியங்கள் இளிக்க இளிக்கக் கயிறு இழுத்து, என்னை அடுப்படிக்கு அனுப்பப் பார்த்தவங்களுக்கு மேலாலை வந்தனான். அந்தப் பேரை நான் களவெடுக்கேல்லை, அவர்தான் தந்தவர்! சித்தப்பா எனக்கும்தானே சித்தப்பா? நானும் அழுதனான்தானே? விசர் மனிசன். விசர் மகள்.

மே 21

அப்பாவுக்கு ஃபோன் எடுத்தேன். "பேரை எடுக்கேலாது, அப்பா. எனக்கு வேற பேர் இல்லை."

"சரி" என்றார். எந்தச் சரி என்று தெரியவில்லை. அம்மா ரிசீவரைப் பறித்து, "ரண்டும் ரண்டு கழுதையள்" என்றுவிட்டு வைத்துவிட்டார்.

ஜூன் 16

வெள்ளைச் சட்டையை மூன்று தரம் அயன் பண்ணினேன். அப்பாவிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை. அம்மா தான் வருவதாகச் சொன்னார். பக்கத்துக் கதிரையைப் பற்றி நான் கேட்கவில்லை.

ஜூன் 17, சனி

வந்தார்.

கலியாணவீட்டுக்குப் போடும் சாம்பல் கோட், சூட். அம்மாவோடு முன்வரிசையில் இருந்தார். ஹோலுக்குள், மன்னிக்கவும், டெக்கில், சனம் நிறைந்திருந்தது. நான் சடங்குக்குரிய வாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரையும் வெட்டிவிடாமல் இருந்தால் போதும் என்றிருந்தது.

விசில் ஊதினார்கள். எல்லோரும் எழுந்து நிற்கும்படி சொன்னார்கள். பிறகு ஒலிபெருக்கியில் பெயர் வந்தது. நீக்கிலாஸ். கட்டிடம் முழுவதும் கேட்டது. கதிரைகள் கிறீச்சிட, அத்தனை பேரும் எழுந்தார்கள். அம்மா கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தார்.

அப்பா கதிரையிலேயே இருந்தார். கையிரண்டையும் தொடையில் வைத்து, முதுகை நிமிர்த்தி, என்னையே பார்த்துக்கொண்டு இருந்தார். நான் சலூட் அடித்தேன். அவர் கண்ணை எடுக்கவில்லை. எனக்குச் சந்தோஷமா, கோபமா என்று கேட்டால் இரண்டும்தான்.

பிறகு கேக் வெட்டினோம். அப்பா இரண்டு துண்டு சாப்பிட்டார். "இனிப்புக் காணாது" என்றார்.

எல்லோரும் போகும் நேரத்தில் கப்டன் என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர், முகத்தில் உண்மையாகவே கவலை. "உங்கள் அப்பாவுக்கு முழங்கால் வருத்தம் என்று முன்பே சொல்லியிருந்தால், வசதியான கதிரை ஒன்று போட்டிருப்போமே?"

"இல்லை சேர்" என்றேன். "அவருடைய முழங்காலுக்கு ஒரு குறையும் இல்லை."