ஏறும்போது கூடும் எடை

ஜூன் 9, திங்கள்

மூன்று லிஃப்ட் சர்வீஸ். மதியம் மேனேஜர் கூப்பிட்டார். "இனிமே பள்ளிப் படிப்பு முடிச்சவங்கதான் சோதனை அறிக்கையில கையெழுத்துப் போடலாம். உங்களுக்கு ஒரு பாடம்தானே பாக்கி? டிசம்பருக்குள்ள முடிச்சிடுங்க. இல்லன்னா ஸ்டோர்ஸுக்கு மாத்த வேண்டி வரும்."

இருபத்து நான்கு வருடம் லிஃப்ட் பார்த்தவனை போல்ட் எடுத்துக் கொடுக்க உட்காரவைப்பார்களாம். பாக்கி எது? பதினேழு வயதில் என்னைக் கவிழ்த்த அதே இயற்பியல்.

ஜூன் 14, சனி

மகள் ஆன்லைன் வகுப்பில் சேர்த்துவிட்டாள். "பாஸ்வேர்டை மறந்துடாதீங்கப்பா." எழுதி பர்ஸில் வைத்திருக்கிறேன்.

ஜூன் 25, புதன்

முதல் பயிற்சித்தாள் திருத்தி வந்தது. இருபதுக்கு மூன்று.

மூணு! நாப்பத்தஞ்சு வயசுல யாரைக் கேட்டு இந்தக் கூத்தை ஆரம்பிச்சேன்? சட்டென்று லேப்டாப்பை மூடினேன். மகள் அதற்குள் பார்த்துவிட்டாள். சார்ஜரை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டுப் போனாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஜூலை 4, வெள்ளி

ஏழாவது பாடம். வீடியோவில் டீச்சர் சர்வசாதாரணமாகச் சொல்கிறார்: "லிஃப்ட் மேல கிளம்புற நொடியில எடைக்கருவி உங்க எடையைக் கூட்டிக் காட்டும். மேல போய் நிக்கப் போறப்ப குறைச்சுக் காட்டும்."

நிறுத்தி மறுபடி கேட்டேன். லிஃப்டா? நம்ம லிஃப்டா? ஒரு நாளைக்கு ஐம்பது தடவை ஏறி இறங்குகிறேனே — இத்தனை வருடமும் என் காலடியில் இதுவா நடந்துகொண்டிருந்தது?

ஜூலை 6, ஞாயிறு

காலையிலேயே குளியலறை எடைக்கருவியைத் தூக்கிக்கொண்டேன். முள் வைத்த பழைய கருவி. நான் பராமரிக்கும் பன்னிரண்டு மாடிக் கட்டடத்துக்கு மனைவியையும் அழைத்துப் போனேன். அவள் ஏறி நிற்க வேண்டும், நான் குனிந்து முள்ளைப் பார்க்க வேண்டும். "என் எடையை யார்கிட்டயாவது சொன்னீங்க, அப்புறம் இருக்கு" என்றாள். இது என் நோட்டு. அறுபத்து மூன்று.

பொத்தானை அழுத்தினேன். கிளம்பியதும் முள் துள்ளி அறுபத்தொன்பதைத் தொட்டது. பிறகு அறுபத்து மூன்றிலேயே அசையாமல் நின்றது. பன்னிரண்டாம் மாடி நெருங்கியபோது ஐம்பத்தேழு.

குனிந்தபடியே முள்ளை உற்றுப் பார்த்தேன்.

"என்னங்க, மூஞ்சி இப்படிப் போகுது? ரிப்பேரா?"

"குறைஞ்சுட்டே. ஆறு கிலோ."

"நிஜமாவா? அப்படியே நிறுத்திடுங்க!"

நான்காம் மாடியில் காய்கறிப் பையோடு ஏறிய ஓர் அம்மா எங்களை மேலும் கீழும் பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும் பையை என்னிடம் கொடுத்துவிட்டுத் தானும் கருவியில் ஏறி நின்றார். பதினாறு தடவை போய் வந்தோம். பதினாறு தடவையும் முள் சொன்ன சொல் மாறவில்லை. உலகம் இவ்வளவு ஒழுங்காகவா நடக்கிறது?

ஜூலை 10, வியாழன்

அளவுகளை வரைபடமாக்கி அனுப்பியிருந்தேன். இருபதுக்குப் பத்தொன்பது. கீழே டீச்சர் எழுதியிருக்கிறார்: "பதினோரு வருடமாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். ஒரு தடவைகூடச் செய்து பார்த்ததில்லை. நேற்று எங்கள் வீட்டு லிஃப்டில் பார்த்தேன். நன்றி."

நாலு தடவை படித்தேன். மகளைக் கூப்பிட்டு அவளையும் படிக்கவைத்தேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

தேர்வு. என்னைச் சுற்றி எல்லாம் என் மகள் வயது. லிஃப்ட் கயிறு அறுந்தால் எடைக்கருவி என்ன காட்டும் என்று ஒரு கேள்வி. பூஜ்யம் என்று எழுதினேன். மனது கேட்கவில்லை. 'ஆனால் பாதுகாப்பு பிரேக் பிடித்துவிடும், யாரும் பயப்பட வேண்டாம்' என்றும் எழுதிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 25, சனி

தேர்வு முடிவு வந்தது. நூற்றுக்கு எழுபத்தொன்று. சான்றிதழை மேனேஜரிடம் காட்டினேன். கைகொடுத்தார். சர்வீஸிலேயே இருக்கலாம்.

நவம்பர் 3, திங்கள்

வேதியியலுக்குப் பதிவு செய்திருக்கிறேன். மேனேஜர் கேட்கவில்லை, வேலைக்கும் வேண்டாம். "எதுக்குங்க?" என்றாள் மனைவி. முதல் பாடம், உப்பு தண்ணீரில் ஏன் கரைகிறது என்பது. ஒரு தம்ளரில் தண்ணீர் எடுத்துவந்து மேஜையில் வைத்தேன். அவளும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.