வெட்டினவன் வீட்டுக் கோழி

அக்டோபர் 7, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. யூனிபார்ம் காயவில்லை. இஸ்திரிப் பெட்டியை வைத்துக் காயவைத்ததில் பாவாடையில் பழுப்பாக ஒரு தழும்பு. அம்மா இன்னும் பார்க்கவில்லை.

சாயங்காலம் அப்பா நாகர்கோவில் கோர்ட்டிலிருந்து வந்தார். தீர்ப்பு வந்துவிட்டது. ஜெனிஷ் அண்ணனுக்கும் கூட வந்தவனுக்கும் ஆளுக்குப் பத்து வருடம் கடுங்காவல். வந்ததும் அப்பா கடுங்காப்பி கேட்டார். கடுங்காவலும் கடுங்காப்பியும். நாக்கு நுனி வரை வந்ததை, அவர் முகத்தைப் பார்த்து விழுங்கினேன்.

பின்னால் மறந்துவிடாமல் இருக்க எழுதி வைக்கிறேன். இரண்டு வருடம் முன்னால் அப்பா பெட்ரோல் பங்கில் காசாளர். முகத்தில் துண்டு கட்டிய இரண்டு பேர், ஒருவன் கையில் வெட்டுகத்தி. "காச எடும்" என்றான். முகம் மறைந்தது, குரல் மறையவில்லை. சபைப் பாடகர் குழுவில் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று கட்டைக் குரலில் பாஸ் பாடுகிறவன். அப்பாவும் சும்மா இருந்திருக்கலாம். "ஏலே, ஜெனிஷா?" என்று கேட்டுவிட்டார். அதற்குத்தான் வெட்டு. வலது கையில் இரண்டு விரல் இப்போதும் மடங்காது. காசு எண்ணியவர் டயருக்குக் காற்றடிக்கிறார். காலையில் சட்டைப் பித்தான் போட்டுவிடுவது என் வேலை.

அவன் பாட்டில் பாஸ், கேஸில் ஃபெயில். இது இங்கே மட்டும்.

அரசு வக்கீல் சொன்னாராம்: "கொள்ளையில ஆயுதத்தால கொடுங்காயம்னா ஏழு வருசத்துக்குக் கொறைய சட்டத்துலயே வழி கிடையாது. நமக்குப் பத்து கிடைச்சிருக்கு." ஓணம் பம்பர் லாட்டரி விழுந்த மாதிரி.

அம்மா: "இருவது குடுத்திருக்கணும்."

அப்பா: "பத்து போரும்."

அக்டோபர் 9, வியாழன்

மழை இல்லை. கணக்கு டெஸ்ட் பேப்பர் வந்தது. அதைப் பற்றி எழுதுவதாக இல்லை.

பஸ்ஸில் ஷைனி அக்கா, ஜெனிஷ் அண்ணனுடைய மனைவி. மடியில் பாப்பா. முந்திரி உடைக்கும் அண்டி ஆபீஸிலிருந்து வருகிறாள், விரலெல்லாம் கறுப்பு. பஸ் நிறைய ஆள். அவள் பக்கத்து இருக்கை மட்டும் காலி. பின்னாலிருந்து யாரோ, "களவாணிக்க பெண்டாட்டி" என்றார்கள். நான் போய் உட்கார்ந்தேன். வீரம் இல்லை, கால்வலி.

"அப்பாக்க கை எப்படி இருக்குட்டி?"

"கை இருக்கு."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அவள் சிரிக்கவில்லை. சபையில் என் கோமாளித்தனத்துக்குச் சத்தமாகச் சிரிக்கிற ஒரே ஆள் அவள்தான்.

ஜெனிஷ் அண்ணன் பிடிபட்டதிலிருந்தே பாளையங்கோட்டை ஜெயிலில். போய்ப் பார்க்கும் நாளெல்லாம் கூலி போய்விடும். பாப்பாவுக்கு மூன்று வயது. "கரண்டுக் காத்தாடி பாக்கத்தான் அவ்வளவு தூரம் போறோம்னு நெனைக்கா. ஆரல்வாய்மொழி தாண்டினதும் 'வந்தாச்சுல்லா, எறங்குவோம்'னு அழுவா" என்றாள்.

வீட்டில் அம்மா பக்கத்து வீட்டு மாமியிடம்: "அறுப்பின் பண்டிகை கழிஞ்சதும் ஷைனி களியக்காவிளைக்கு அம்மை வீட்டுக்குப் போயிருவாளாம். பெட்டி கெட்டியாச்சு. நல்லதுதான், கண்ணுல படாம இருக்கும்."

அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு வெளியே போனார்.

அக்டோபர் 11, சனி

சபைக் கோவிலில் தோரணம் கட்டினோம். நாளைக்கு அறுப்பின் பண்டிகை. எல்லாரும் காணிக்கையாகக் கொண்டு வரும் சேனை, தேங்காய், கோழி எல்லாம் ஆராதனை முடிந்ததும் ஏலம். விலை கேட்டவர் வாங்கியே ஆகவேண்டும். போன வருடம் தூணுக்குப் பின்னால் ஒளிந்து ஆண்குரலில் விலை ஏற்றிவிட்டேன். ஒரு பெரியவர் தான் கொண்டு வந்த பூசணிக்காயைத் தானே எழுநூறுக்கு வாங்கிப் போனார். இந்த வருடம் வாய் திறந்தால் கொன்றுவிடுவதாக அம்மா.

அக்டோபர் 12, ஞாயிறு

வெயில். அம்மா சொன்ன சொல்லைக் கேட்கவில்லை.

ஷைனி அக்கா ஒரு கோழி கொண்டு வந்திருந்தாள். கறுப்புப் பெட்டை, காலில் சிவப்புத் துணி. அவளிடம் இருந்தது அது ஒன்றுதான். ஏலம் விடும் சபை செக்ரட்டரி மாமா தூக்கிப் பிடித்தார்.

"கோழி, நல்ல நாட்டுக் கோழி. நூறு ரூவா. ஆரு?"

ஒருத்தரும் இல்லை. இதற்கு முந்தின சேவல் ஆயிரத்து இருநூறுக்குப் போனது. எல்லார் கண்ணும் அப்பா மேல். அப்பாவுக்காகத்தான் வாயைப் பொத்தியிருந்தார்கள் என்று நினைக்கிறேன். ஷைனி அக்கா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு செருப்பைத் தேட ஆரம்பித்தாள்.

"இருநூறு." என் சொந்தக் குரல். மாற்ற மறந்துவிட்டேன்.

அம்மா என் தொடையில் கிள்ளியது இன்னும் நீலமாக இருக்கிறது.

பாடகர் வரிசையில் அப்பா எழுந்தார். "இருநூத்தம்பது" என்றார்.

பழக்க தோஷம். "முன்னூறு."

"முன்னூத்தம்பது."

செக்ரட்டரி மாமா குழம்பிப்போனார். "அண்ணே, அது உங்க பிள்ளையாக்கும்."

"ஏலத்துல என்ன பிள்ளை? நீரு ஒரு தரம், ரெண்டு தரம்னு சொல்லும்."

பின்வரிசையில் யாரோ ஐந்நூறு என்றார். இன்னொருவர் அறுநூறு. அப்புறம் ஊரே. கடைசியில் அப்பாவுக்கே, தொள்ளாயிரம். ஷைனி அக்கா செருப்பை விட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தாள்.

வீட்டுக்குள் வந்ததும் அம்மா, "வெட்டினவன் வீட்டுக் கோழிய ஆரு திங்கது?"

"கோழியா என்னைய வெட்டிச்சு?"

"பின்ன அவன மன்னிச்சாச்சா?"

"இல்ல. பத்து வருசத்துல ஒரு நாளு கொறையண்டாம். அது வேற." சட்டையைக் கழற்ற என்னைக் கூப்பிட்டார்.

அக்டோபர் 13, திங்கள்

கோழியைக் காணவில்லை. தேடிப் போனால் ஷைனி அக்கா வீட்டில், விறகு அடுக்குக்குப் பின்னால். பிடித்துக் கொடுத்தாள். வாசலிலேயே கட்டிய பெட்டி.

"நாளைக்கும் வரும்ட்டி இது. வெள்ளிக்கிழம நான் போயிட்டா ஆரு பிடிச்சுத் தருவா?"

கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

மறுபடியும். இந்தக் கோழிக்கு ஜாமீனே கொடுக்கக்கூடாது. கொத்தியதில் என் கையில் இரண்டு இடத்தில் ரத்தம்.

பாவாடைத் தழும்பை அம்மா பார்த்துவிட்டாள்.

அக்டோபர் 15, புதன்

மழை. காலையில் மறுபடி அங்கே. விறகுக்குப் பின்னால் பழைய கூடை, அதில் கோழி. எட்டிப் பார்த்தால் அடியில் முட்டைகள். இத்தனை நாளும் அங்கே ஒளித்து இட்டிருக்கிறது. தொட்டால் சிலிர்த்துக்கொண்டு சீறுகிறது.

"அடைக்கு இருந்துட்டுட்டி. இனி எழும்பாது" என்றாள் ஷைனி அக்கா.

வெறுங்கையோடு வந்து அப்பாவிடம் சொன்னேன். பித்தான் போட நெஞ்சை நிமிர்த்தி நின்றார். மூன்றாவது பித்தான் போடும்போது சொன்னார்:

"அடைக்கு இருக்குத கோழிய எடம் மாத்தப்பிடாது. அங்கயே இருக்கட்டும்."

"அக்கா வெள்ளிக்கிழம போறாளாம்."

"பொரிக்க இருவத்தோரு நாளு ஆவும். அதுவரைக்கும் எனக்க கோழிய ஆரு பாப்பான்னு கேட்டுட்டு வா."

அம்மா அடுப்படியில்தான் நின்றாள். ஒரு கிண்ணத்தில் குருணை அரிசியை அளந்து என் கையில் வைத்தாள்.

போய்க் கேட்டேன், அப்பா சொன்ன அதே குரலில். ஷைனி அக்கா சிரித்தாள், பழைய மாதிரி சத்தமாக. கோழி மிரண்டு கழுத்தை நீட்டியது. அப்புறம் வாசலில் இருந்த பெட்டியை அவிழ்த்து, பழைய சேலை ஒன்றை உருவி, சாரல் படாமல் கூடைக்கு முன்னால் கட்டினாள்.

பள்ளிக்கூடத்துக்குப் போகும் என் பஸ் போய்விட்டது.