நாலு பேருக்கு ஒரு சேவல்

விஹிகா,
டிசம்பர் 27

என் செல்ல மகள் கவுலானிக்கு அம்மா எழுதுவது. நானும் பசுவும் மிச்சமிருக்கிற கோழிகளும் இங்கே சௌக்கியம். நீ வேலை பார்க்கிற அந்த தோஹா ஆஸ்பத்திரியின் ஏ.சி. குளிரில் நீ உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் முழங்காலில் நிற்கிறேன். இதைப் போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ பாதியிலேயே அழ ஆரம்பிப்பாய், நானும் சொல்ல வந்ததை விட்டுவிடுவேன். பக்கத்து வீட்டு முஹொஞ்சாவின் மருமகள் சனிக்கிழமை அங்கே வருகிறாள், அவளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

"சித்தப்பாவோட மல்லுக்கு நிக்காதம்மா, அவர் கேட்டபடியே கிறிஸ்துமஸை நடத்திட்டுப் போ" என்று சொன்னாயே, அதை நான் கேட்கவில்லை. கோபித்துக்கொள்ளாமல் முழுக்கப் படி. அப்பா இருந்தவரை கிறிஸ்துமஸ் என்றால் நம் முற்றத்தில் குலமே உட்காரும், நான் மூன்று நாள் அடுப்பை விட்டு எழுந்ததில்லை. அவர் போய் இது முதல் கிறிஸ்துமஸ். உன் சித்தப்பா லுடேன்யி நவம்பரிலேயே வந்து, "அண்ணி, இந்த வருஷமும் மாடு அடிச்சு எல்லாரையும் கூப்பிடுவோம், அண்ணன் நாற்காலியில நான் உக்காந்துக்கறேன், நீங்க சமையலைப் பாத்துக்கங்க" என்றார். அவர் கண் எதில் என்று எனக்குத் தெரியாதா? கோழியின் இரைப்பை வீட்டுத் தலைவன் தட்டுக்குத்தான் போகும். குலத்தார் அத்தனை பேரும் பார்க்க அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் அதைத் தின்றுவிட்டால், வீடும் தேயிலைத் தோட்டமும் இனி அவருடையது என்று ஊரே பேசும். பத்திரத்தில் உன் பெயர் இருக்கிறது, சரி, ஆனால் பத்திரமா போய் வேலியில் நின்று காவல் காக்கும்?

அதனால் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டேன். மாடு கிடையாது, ஒரே சேவல், நாலே பேர். அவரும் அவர் மனைவி ககேஹாவும், முஹொஞ்சாவும், நானும். "ஊர் சிரிக்கும் அண்ணி" என்றார். கிறிஸ்துமஸ் அன்றைக்குச் சிரித்தால் நல்லதுதானே, சிரிக்கட்டும் என்றேன். முறைத்துக்கொண்டே போனார், ஆனால் பண்டிகை அன்றைக்குச் சர்ச் முடிந்ததும் கோட்டுப் போட்டுக்கொண்டு முதல் ஆளாக வந்துவிட்டார். நாற்காலியை நான் உள்ளறையில் வைத்துப் பூட்டியிருந்தேன். அவகாடோ மரத்தடியில் பாய்தான், யாருக்கு எங்கே தோன்றுகிறதோ அங்கே உட்காரலாம். முஹொஞ்சா தேய்க்கத் தேய்க்க நான் சப்பாத்தி சுட்டேன், கோழிக்குழம்பு, சோளமாவு உகாலி, கீரை, அவ்வளவுதான். முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு கிறிஸ்துமஸில் உட்கார்ந்து சூடாக டீ குடித்தேனடி.

பரிமாறி முடித்ததும் உன் சித்தப்பா குழம்புச் சட்டிக்குள் கரண்டியை விட்டு அடி வரைக்கும் துழாவினார். அப்புறம் மெதுவாக, "என்ன அண்ணி, இந்தச் சேவலுக்கு இரைப்பையே இல்லையா?" என்று கேட்டார். "இருக்கே, என் தட்டுல இருக்கு" என்றேன். என் அம்மா, பெண்களுக்கு ஆகாது என்று கடைசி வரை கோழியையே வாயில் வைக்காதவள். நான் கோழி தின்பேன், ஆனால் இந்த ஒன்றை மட்டும் இத்தனை வருஷமும் தோல் உரித்துக் கழுவி அப்பா தட்டில் வைத்ததோடு சரி. "அது வீட்டுக்காரருக்கு உள்ளதுன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று அவர் குரலை உயர்த்தினார். "நல்லாத் தெரியும். இப்ப இந்த வீட்டுக்காரி நான், எனக்கப்புறம் கவுலானி" என்று சொல்லி எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

அவர் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து, "ககேஹா, வா போகலாம்" என்றார். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "நீங்க முன்னால போங்க, நான் இன்னும் சப்பாத்தியே தொடல" என்றாள்! அவரை எதிர்த்து அவள் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதே இல்லை. முஹொஞ்சாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை, புரையேறிவிட்டது. அவர் தனியாகப் படலைத் திறந்துகொண்டு போனார். அப்பாவின் சவப்பெட்டிக்கு முன்தோள் கொடுத்தவர், பசியோடு போகிறாரே என்று எனக்குப் பாவமாக இருந்தது, ஆனாலும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் எல்லாம் போயிருக்கும். அந்த இரைப்பையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மெல்ல மெல்ல ரப்பர்தான். இதற்கா இந்த ஆண்களுக்கு இவ்வளவு பெருமை!

நேற்று முழுக்க அவர் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இன்று காலை வந்தார். அப்பா போன நாளிலிருந்து செருப்போடு நேரே அடுப்படி வரைக்கும் வந்து நிற்கிறவர், இன்றைக்கு வாசலுக்கு வெளியே நின்று, அடுத்தவர் வீட்டில் கேட்பதுபோல "ஹோடி, உள்ள வரலாமா?" என்று குரல் கொடுத்தார். இரண்டாம் தடவை கேட்ட பிறகுதான் "வாங்க" என்றேன். டீயும் மிஞ்சின சப்பாத்தியும் கொடுத்தேன். மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டுப் போனார்.

உனக்கு ஒரு குறையும் வராமல் கடவுள் துணை நிற்கட்டும், கைகால் சுகத்தோடு நூறு வயது இரு. அடுத்த கிறிஸ்துமஸுக்கு இப்போதே லீவு கேட்டு வை, மறந்துவிடாதே. நீ வரும்போது வாசலில் நின்று கூப்பிடக் கூடாது. நேரே உள்ளே வா.

உன் அம்மா,
மிடேவா