இரண்டு கோயில்களில் கிடைத்த உத்தரவு

மல்லசமுத்திரம்,
12.6.1984.

அன்புள்ள மாமாவுக்கு, வசந்தாமணி வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே நானும் மாடு கன்றுகளும் நலம். நம் மகன் சென்னியப்பன் நலமா என்பதை இதைப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். ராய்ப்பூர்ப் பக்கம் வெயில் பொறுக்க முடியவில்லை என்று டிரைவர் ஆண்டி சொன்னான். நீங்கள் ஆழ்குழாய்க் கிணறு போடும் ரிக் வண்டிக்கு உதிரிச் சாமான் ஏற்றிக்கொண்டு நாளைக் காலையில் புறப்படுகிறான். தபாலில் போடாமல் இதை அவன் கையில் கொடுக்கிறேன். உங்கள் அண்ணனின் கடிதம் முந்திக்கொள்ளக் கூடாது என்பதும் ஒரு காரணம்.

விஷயம் இதுதான். அடுத்த வெள்ளிக்கிழமை நம் பையன் இரண்டு ஊர்களில் இருக்க வேண்டும். தர்மபுரியில் பேங்க் வேலையில் சேர வேண்டும். அது என் தம்பி கந்தப்பன் டவுனில் தன் ஃபேர்லேண்ட்ஸ் வீட்டில் உட்கார வைத்துப் படிக்கச் சொல்லி, பரீட்சை எழுத வைத்து வாங்கிய வேலை. அதே வெள்ளிக்கிழமை உங்கள் அண்ணன் எடுத்திருக்கும் புது ரிக் வண்டிக்குப் பூஜை. பூஜை முடிந்ததும் அதில் மேனேஜராக ஏறி உங்களிடம் வர வேண்டும். பையன் இரண்டு பேரிடமும் "சரிங்க" என்று சொல்லியிருக்கிறான். பொய் சொல்லவில்லை. யார் எதிரே நிற்கிறாரோ அவருக்கு அந்த நேரத்தில் மனசாரத்தான் சொன்னான்.

போன வருஷம் அவன் படித்த பல்கலைக்கழகத்தில் மனோதத்துவப் பேராசிரியை ஒருவர், எப்படிப்பட்ட குணமுள்ள மாணவர்கள் வேலையைத் தேர்ந்தெடுக்க முடியாமல் தடுமாறுகிறார்கள் என்று ஆராய்ச்சி செய்தாராம். கூட்டத்தில் பேசக் கூச்சமா, பிறர் கோபித்தால் தூக்கம் கெடுமா என்று பக்கம் பக்கமாகக் கேள்விகள். ஆம், இல்லை, சில சமயம் என்று மூன்று பதில்கள். இவன் ஆதியோடந்தமாகச் சில சமயம் என்றே குறித்துக் கொடுத்திருக்கிறான். அந்த அம்மாள் கூப்பிட்டு, "உனக்குப் புத்திக்குக் குறைவில்லை தம்பி. ஒருத்தர் உன்மேல் கோபமாக இருந்தால் அதைத் தாங்கத் தெரியவில்லை. அது பழகும் வரை நீ எந்த வேலையையும் தேர்ந்தெடுக்க மாட்டாய்" என்றாராம். அதற்கும் இவன், "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

வீட்டில் இதற்கு வைத்தியம் நம் வழக்கப்படி நடந்தது. உங்கள் அண்ணன் காளியண்ணன் உங்கள் குலதெய்வக் கோயிலில் பூக் கேட்டார். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் செவ்வரளி மடித்து அம்மன் முன்னால் போட்டு, ஒரு பெண் குழந்தையை எடுக்கச் சொன்னார். வெள்ளை வந்தது. ரிக் வண்டிக்கு உத்தரவாகிவிட்டது. கந்தப்பன் சும்மா இருப்பானா? என் பிறந்த வீட்டுக் கோயிலில் பேங்குக்குப் பூக் கேட்டான். அங்கேயும் வெள்ளை. இரண்டு தெய்வங்களும் கலந்து பேசிக்கொள்வதில்லை போலிருக்கிறது. எதைச் செய்தாலும் ஒரு சாமி குற்றம் என்ற நிலையில் பையனை நிறுத்திவிட்டு, இரண்டு வீட்டாரும் நிம்மதியாகச் சாப்பிடப் போனார்கள்.

அவன்தான் சாப்பிடவில்லை. தட்டில் கை வைத்துப் பிசைந்துகொண்டே இருக்கிறான். கிணற்று மேட்டில் போய் உட்கார்ந்தால் கூப்பிடும் வரை எழுவதில்லை. பருத்திக்கு அடிக்க வாங்கிய மருந்து டின்னைப் பக்கத்துத் தோட்டத்து மாரக்காள் வீட்டுக்கு அனுப்பி வைத்துவிட்டேன். ஏனக்கா என்று கேட்டாள். அந்த நெடி எனக்குத் தலைவலி என்றேன். அவள் அதை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெளியே போனவன் மத்தியானம் வரை வரவில்லை. நான் முதலில் ஓடியது கிணற்றுக்கு. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பூசாரி சின்னண்ணன் வந்து, "தம்பி நம்ம கோயில்லதானுங்க இருக்குது. ரெண்டு பொட்டலத்தை முன்னால போட்டுட்டுக் கும்புட்டுக்கிட்டே இருக்குது. எடுக்கவும் மாட்டீங்குது, எந்திரிக்கவும் மாட்டீங்குது" என்றார்.

போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன கேட்டாய் சாமி என்றேன் அவனிடம். ரெண்டு இடத்துக்கும் போகாமல் இருக்கலாமா என்று கேட்டானாம். எடுக்க வேண்டியதுதானே என்றேன். தலையைக் குனிந்துகொண்டு, "ரெண்டுலயும் செவ்வரளிதானுங்கம்மா மடிச்சேன். வெள்ளை வந்தா அம்மனே போக வேண்டாம்னு சொன்னதா ஆயிரும். அதைப் போய்ப் பெரியப்பங்கிட்டச் சொல்லோணும். அதனால செவப்பே வரட்டும்னு வெச்சேன். அதையும் எடுக்க முடியலீங்க" என்றான்.

மாமா, தப்பித்துக்கொள்ள வழி கேட்கப் போனவன், வழி கிடைத்துவிடுமோ என்று பயந்து இரண்டையும் அடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். அடைத்த பிறகு அதைப் பார்க்கவும் பயம்.

நான் இரண்டு பொட்டலத்தையும் எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன். பூசாரியிடம், அவன் எங்கும் போகவில்லை, இது அம்மன் சொன்னதல்ல, நான் சொன்னது என்றேன். சாயங்காலத்துக்குள் உங்கள் அண்ணன் வாசலில் வந்து நின்றுவிட்டார். "ஏனம்மிணி, பள்ளிக்கூடத்துல பாடம் நடத்தறது பத்தாதுன்னு சாமிக்கே நடத்தறீங்களாக்கு?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன். பையனைப் பேடி என்றார். உங்களுக்கு எழுதி, உங்கள் வாயாலேயே அவனை வண்டியில் ஏறச் சொல்ல வைப்பதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவர் பேசி முடிக்கும் வரை பையன் கதவுக்குப் பின்னால் நின்றான். அன்று இரவும் சாப்பிடவில்லை.

என் தம்பிக்கு நானே எழுதிவிட்டேன். இனி அவன் வீட்டு விசேஷங்களுக்கு நமக்கு அழைப்பு இருக்காது. அவன் மனைவியின் சமையலை நினைத்தால் பெரிய நஷ்டமில்லை.

நேற்று பையனிடம், உனக்கு என்னதான் பிடிக்கும் என்று கேட்டேன். "யோசிச்சுச் சொல்றேனுங்கம்மா" என்றான். இத்தனை வருஷத்தில் கேட்பவருக்குப் பிடித்ததைச் சொல்லாமல் அவன் கொடுத்த முதல் பதில் அதுதான். அதற்குக் கொஞ்ச காலம் வேண்டும். உங்கள் அண்ணன் கொடுத்திருப்பது வெள்ளிக்கிழமை வரை.

உங்களையும் அவர் ஒரு நாள் வண்டியில் ஏறச் சொன்னார், ஏறினீர்கள். பிடித்திருக்கிறதா என்று நான் இதுவரை கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. நான் சொன்னால் உங்கள் அண்ணனுக்கு அது பெண்பிள்ளை பேச்சு. நீங்கள் சொன்னால்தான் பேச்சு. பையன் வரமாட்டான் என்று அவருக்கு ஒரு தந்தி கொடுங்கள். அவர் கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டும். அதற்குப் பிறகும் நீங்கள் முழுசாக இருப்பதைப் பையன் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். அவன் பெயருக்கு எழுதுங்கள். என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். சாப்பிட்டாயா சாமி என்று எழுதினால் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஒரு சொல்லை நம்பியிருக்கும்,
வசந்தாமணி