பொம்மைப் பெட்டி திறக்காத வருஷம்

மாமா,

இன்று காலை ஆபீஸ் அலமாரியைத் திறப்பதற்காகக் கைப்பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தேன். அந்துருண்டை வாசனை அடித்தது. உங்கள் கொலுப்பெட்டியின் சாவி அதில் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. கொல்கத்தா சால்ட் லேக்கின் எட்டாவது மாடியில், ஏசிக் குளிரில், ஒரு நிமிஷம் உங்கள் ஜாதவ்பூர் வீட்டின் வடக்கு அறையில் நின்றேன்.

கிடர்பூரில் கஸ்டம்ஸ் வேலை பார்த்த காலமெல்லாம், கையில் காகிதம் இல்லாமல் வந்தவரை நீங்கள் நாற்காலியில்கூட உட்கார வைத்ததில்லை. "வாய் சொல்லும், கப்பல் நகராது" என்பீர்கள். அப்படிப்பட்டவர் வீட்டு விஷயத்தில் மட்டும் காகிதத்தைக் கண்ணில் காட்டாமலே போய்விட்டீர்கள். கடைசிக் கொலுவில் சுண்டல் கிண்ணத்தை நீட்டிக்கொண்டே என்னிடமும் தம்பி ஸ்ரீதரிடமும் சொன்னீர்கள்: "எனக்கப்புறம் மாலா இங்கதான் இருப்பா. எழுதியாச்சு." எங்கே என்று நாங்கள் கேட்கவில்லை. சுண்டலில் உப்புக் குறைவு என்றான் ஸ்ரீதர். பேச்சு அதில் போய்விட்டது.

போன வருஷ மழைக்காலத்தில் நீங்கள் போன பிறகு வீடு முழுக்கத் தேடினோம். பீரோ, பேங்க் லாக்கர், மெத்தைக்கு அடி, பழைய சூட்கேஸ்கள். உயில் இல்லை. வக்கீல் வருத்தத்தோடுதான் சொன்னார்: மனைவியும் இல்லை, வாடகைக்கு இருப்பவரும் இல்லை, சட்டத்தின் கண்ணில் மாலா தீதி யாருமே இல்லை. வீடு உங்கள் அக்கா பிள்ளைகளான எங்கள் இருவருக்கும்.

இருபது வருஷத்துக்கும் மேலாக உங்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவரை, வங்காள வழக்கப்படி அக்கா முறை வைத்து நாங்கள் மாலாதி என்று கூப்பிட்டவரை, அம்மா கடைசிவரை "ராமுவோட ஆபீஸ் சிநேகிதி" என்றே சொல்லிவந்தாள். இப்போது சட்டமும் கிட்டத்தட்ட அதையே சொன்னது.

தேடாமல் மிஞ்சியது கொலுப்பெட்டி ஒன்றுதான். அம்மாவின் வளையல்களை ஒரு சமயம் நீங்கள் அதில்தான் ஒளித்து வைத்திருந்தீர்கள். திருடன் பொம்மையைத் தொடமாட்டான் என்பது உங்கள் கட்சி. நவராத்திரி நெருங்கிக்கொண்டிருந்தது. நான் சாவியைக் கேட்டேன். மாலாதி தரவில்லை.

"வருஷம் திரும்பல இல்ல? துக்க வருஷத்துல கொலுப்பெட்டி திறக்கக்கூடாது. உன் மாமா சொல்வார்."

"அதுக்குள்ள உயில் இருந்தா? உங்களுக்குத்தானே நல்லது?"

"இருந்தா ஓடிப் போயிடுமா? ஷாப்ட்டியா நீ?"

எனக்குத் தீட்டிலும் நம்பிக்கை இல்லை, அதைக் காப்பதிலும் இல்லை. ஆனால் உங்களிடம் கற்ற தஞ்சாவூர்த் தமிழை வங்காள நாக்கில் புரட்டிப் பேசும் அந்த மனுஷியிடம் வாதாட எனக்கு வாய் வரவில்லை.

தீபாவளி கழிந்ததும் சென்னையிலிருந்து ஸ்ரீதர் போனில் கத்தினான். "நம்மாத்துத் தீட்டைக் காக்கறதுக்கு அவா யாரு, அக்கா? அவகாசம் கேக்கறா, அவ்வளவுதான். ப்ரோக்கர் என்னைத் தினம் பிடுங்கறான்."

"வீட்டை விக்கறதுக்குத் தீட்டு கிடையாதோ? கொள்ளி வச்சது நீ. தீபாவளிக்குக் குழந்தைகளோட மத்தாப்பு கொளுத்தின போட்டோவையும் நீதான் எனக்கு அனுப்பினே."

அவன் போனை வைத்துவிட்டான். பல வாரம் பேசவில்லை.

அந்த வருஷம் முழுக்க மாலாதி புதுப்புடவை வாங்கவில்லை. துர்கா பூஜைக்குத் தெருவே விளக்கில் மிதந்தது. பந்தலில் தாக் மேளம் அதிர, அவர் சன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார். பண்டிகை நாளில் பக்கத்து வீட்டார் கொடுத்த சந்தேஷ் இனிப்பை என்னிடம் நீட்டி, "எனக்கு இந்த வருஷம் இல்ல, நீ எடுத்துக்கோ" என்றார். இப்படி இருக்கும்படி அவரிடம் யாரும் சொல்லவில்லை. உரிமை உண்டு என்றும் யாரும் சொல்லவில்லை.

வருஷாப்திகம் முடிந்து இந்த நவராத்திரிக்கு ஸ்ரீதர் வந்தான். கொலுவுக்கு இல்லை, பெட்டிக்கு. மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தோம். மாலாதிதான் பூட்டைத் திறந்தார். வங்காளச் செய்தித்தாளில் சுற்றிய பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தோம். செட்டியார், தசாவதாரம், கழுத்து ஒட்டிய கிருஷ்ணன், மரப்பாச்சி ஜோடி. அடித்துணியையும் உதறிப் பார்த்தேன். அந்துருண்டைகள் உருண்டோடின. வேறு ஒன்றும் இல்லை.

ஸ்ரீதர் வெறும் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஜெயித்த முகம் இல்லை அது. மாலாதி மரப்பாச்சியின் தலையை முந்தானையால் துடைத்தார். பிறகு, "ஏண்டா ஸ்ரீதோர், காலிப் பொட்டிய எத்தன நாழி பாப்பே? படியக் கட்டு. பொம்மையெல்லாம் தரையில நிக்கறது பாரு" என்றார்.

வருஷா வருஷம் அதே இடத்தில் நின்று நீங்கள் அவனை விரட்டும் அதே அதட்டல். ஸ்ரீதர் எழுந்து போய்ப் பலகைகளை எடுத்துவந்தான். படி கட்டும்போது அவன் தோள் குலுங்கியதை நான் பார்க்காததுபோல் இருந்தேன்.

அன்று சாயங்காலம் பால்கனியில் சொன்னான். "மாமாவுக்கு வருஷம் காத்தது நான் இல்லக்கா." பிறகு, "அவா இருக்கற வரைக்கும் வீடு அவாளோடது. அப்புறம் நம்ம பசங்க பாத்துக்கட்டும். நான் வாக்குக் குடுக்கறேன்."

"வாக்கெல்லாம் வேண்டாம். எழுது" என்றேன். சிரித்துவிட்டான். நவராத்திரி விடுமுறை முடிந்ததும் முதல் வேலையாகப் பதிவு செய்தோம், மாமா. சாட்சிகளோடு. ஒரு பிரதி என் லாக்கரில் இருக்கிறது. உங்கள் வேலையை நாங்கள் செய்யவேண்டி வந்தது.

நீங்கள் எழுதித்தான் இருந்தீர்களா? எனக்குச் சந்தேகம்தான். எங்களிடம் சொன்னதே எழுதியதற்குச் சமம் என்று நினைத்திருப்பீர்கள். ஊரையெல்லாம் சந்தேகப்பட்டுவிட்டு எங்களை மட்டும் நம்பினீர்கள். கோபப்பட நினைக்கிறேன். முழுதாக வரவில்லை.

விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்கவைக்க வேண்டுமே. மாலாதி மரப்பாச்சி ஆணைச் சாய்த்தார். பெண் பொம்மை நின்றபடி இருந்தது. கொஞ்சம் யோசித்து, அதை அவன் பக்கம் திருப்பி வைத்தார்.

பதிவு வேலையெல்லாம் முடிந்து நேற்றுதான் பெட்டியைப் பரணில் ஏற்றினோம். சாவியை என் கையில் வைத்து, "அடுத்த வருஷம் நீ வந்து திற. எனக்கு முட்டி வலி" என்றார். முட்டி வலி இல்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். வாங்கிக்கொண்டேன். இன்று காலையிலிருந்து எந்தக் கதவைத் திறக்கப் போனாலும், அந்தத் துருப்பிடித்த சாவிதான் முதலில் கைக்கு வருகிறது.