பன்றி லாரிக்குக் கிடைத்த வழி

அனுப்புநர்:
லொரேட்டா ஸ்விக்,
ரயில்வே சாலை,
ஹார்லன் ஃபோர்டு, இல்லினாய்.

பெறுநர்:
நகர வழக்கறிஞர் அவர்கள்,
நகர மன்றம், ஹார்லன் ஃபோர்டு.

பொருள்: கருக்கலைப்பு மருத்துவமனைக்கு வரும் கார்களை ஊழியர் வேடத்தில் மறிப்பதைத் தடுக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் இவ்வூர்ப் பன்றி இறைச்சி ஆலையில் வெட்டும் பிரிவில் வேலை செய்கிறேன்.

1. சென்ற வியாழன் காலை என் தங்கையை மில் தெரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். அவள் பக்கத்து மாநிலத்திலிருந்து பஸ் ஏறி வந்தவள்; அங்கே இப்படிப்பட்ட மருத்துவமனைகளுக்குச் சட்டம் இடம் தருவதில்லை. எதற்காக வந்தாள் என்பது அவளுக்கும் மருத்துவருக்கும் உள்ள விஷயம். இம்மனுவுக்கு அது தேவையில்லை.

2. வாசலில் மஞ்சள் மேற்சட்டை போட்ட ஒருவர் கைகாட்டிக் காரை நிறுத்தினார். மருத்துவமனையில் வழிகாட்ட நிற்பவர்கள் போடுவதும் அதே மஞ்சள்தான். "பயப்படாதம்மா, பேர் பதியறது இங்கதான், எறங்கி வா" என்றார். அதை நம்பி, என் தங்கை எதிரே நின்ற வேனுக்குள் போனாள். அதிலிருந்தவர்கள் பெயரையும் தொலைபேசி எண்ணையும் வாங்கிக்கொண்டு, மருத்துவமனைக்குள் போகாதே என்று மன்றாடத் தொடங்கிய பிறகுதான் அது கருக்கலைப்பை எதிர்ப்பவர்களின் வேன் என்று தெரிந்தது. அழுதுகொண்டே இறங்கினாள். அதற்குள் அவளுக்குக் கொடுத்த நேரம் போய்விட்டது.

3. காவல் நிலையத்தில் முறையிட்டேன். "அது அவங்க பேச்சுரிமை, லொரேட்டா. அரசியலமைப்புல நாங்க கை வைக்க முடியுமா?" என்றார் அங்கிருந்த அதிகாரி. பேச்சுரிமையை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், ஐயா. ஆலை வேலைநிறுத்தத்தில் பனியில் நின்று தொண்டை கிழியக் கத்தியவள் நான். அவர்களும் கத்தட்டும், பலகை பிடிக்கட்டும், ஜெபம் செய்யட்டும். நடைபாதை அவர்களுக்கும் சொந்தம். ஆனால் ஊழியரைப்போல உடுத்திக் காரை மறிப்பது பேச்சு அல்ல, ஏமாற்று. இப்படிப்பட்ட மருத்துவமனையின் வாசலை மறிப்பது கூட்டாட்சிச் சட்டப்படியும் குற்றம்.

4. அந்த வேலைநிறுத்தத்தில் நாங்கள் ஆலை வாயிலை மறித்தபோது, தங்கள் அலுவலகம் அன்று மதியத்துக்குள் நீதிமன்ற ஆணை வாங்கிவிட்டது. சாலையில் வெள்ளைக் கோடு போட்டீர்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் என்ன வேண்டுமானாலும் கத்தலாம், அந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது என்றீர்கள். எரிச்சலோடுதான் கட்டுப்பட்டோம். எங்கள் வாயை யாரும் அடைக்கவில்லை. பன்றி லாரிகளும் தடையில்லாமல் உள்ளே போயின.

தங்கைக்கு வரும் வியாழன் மறுபடி நேரம் கொடுத்திருக்கிறார்கள். அதுவும் தவறினால் அதற்கான நாள் கணக்கு கடந்துவிடும், பிறகு அந்த மருத்துவமனையில் செய்ய இயலாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

ஆகவே, அதற்குமுன் மில் தெரு வாசலிலும் அதே கோட்டைப் போட்டு, போலி மேற்சட்டைகளைத் தடைசெய்து, ஒரு காவலரை நிறுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். பன்றிகளுக்குத் திறந்துவிட்ட வழியை என் தங்கைக்கும் திறந்துவிடுங்கள். திறக்காவிட்டால், வியாழன் காலை மறிப்பவர்களை விலக்கிக்கொண்டு காரின் முன்னால் நானே நடந்து வருவேன். என்மீது வழக்குப் போடுவதானால் போடுங்கள், ஐயா. அவளை உள்ளே விட்டுவிட்டு, நானே காவல் நிலையத்துக்கு வருகிறேன்.

இடம்: ஹார்லன் ஃபோர்டு
நாள்: மார்ச் 9, திங்கள்

இங்ஙனம்,
லொரேட்டா ஸ்விக்
(கையொப்பம்)